பொலோஞாவில் நான்காம் வேற்றுமை

ஞாயிறு இரவு

மகளுக்கு இங்கே இத்தாலியில் ஆராய்ச்சி வேலை. குளிர் இறுகுவதற்குள் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டாள். வந்து இறங்கியதும், "எம்மா, நான் லேபுக்குப் போனப்புறம் சும்மா இருந்து என்ன செய்யப்போற?" என்று ஒரு மொழிப்பள்ளியில் காலை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு இத்தாலிய இலக்கணம்! நாளை தொடக்கம். அன்றன்றைக்கு நடப்பதை இரவில் இங்கே எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை நம் பத்திரிகைகள் பொலோக்னா என்று எழுதுகின்றன. இவர்கள் எழுத்தில் ஜி-யும் என்-னும் அடுத்தடுத்து வந்தால் ஒலி நம்முடைய ஞ. ஆங்கிலேயன் தடுமாறும் அந்த ஒலிக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது. ஆகவே பொலோஞா.

சாயங்காலம் மழை. குடை இல்லாமலே ஊரைச் சுற்றினோம். தெருவோர வீடுகளெல்லாம் முன்பக்கம் தூண் வைத்து மேல்மாடியை நடைபாதைக்கு மேல் நீட்டியிருக்கின்றன. 1288இல் நகராட்சி புதுவீடு கட்டுகிறவர்கள் இப்படித் தூண் நடை வைத்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டது. குதிரைமேல் இருப்பவன் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்பதும் கணக்கு. இன்று எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

திங்கள்

வகுப்பில் பிரேசில் பெண் ஒருத்தி, ஜெர்மன்காரர் ஒருவர், ஜப்பானிலிருந்து இசை படிக்க வந்த இரண்டு பையன்கள், அப்புறம் நான். ஆசிரியை ஒரு சொல்கூட ஆங்கிலம் பேசுவதில்லை. அதுவும் நல்லதுதான். மகள் வாங்கித் தந்த ஆங்கில வழிப் புத்தகத்தை நேற்று புரட்டியபோது தலை சுற்றியது.

முதல் பாடமே பிடித்தது, பிடிக்காதது. 'மி பியாச்சே இல் கஃபே.' காபி பிடிக்கும் என்று சொல்ல இதுதான் வழி. ஆங்கிலப் புத்தகம் இதற்கு ஒரு பக்கம் செலவழிக்கிறது: "நான் விரும்புகிறேன்" என்று நினைக்காதே, "காபி என்னை மகிழ்விக்கிறது" என்று தலைகீழாக நினைத்துக்கொள், எழுவாய் காபி, நீ இல்லை... நமக்கு எதற்கு இந்த வித்தை? 'மி' என்றால் எனக்கு. 'பியாச்சே' என்றால் பிடிக்கும். எனக்குக் காபி பிடிக்கும். நான்காம் வேற்றுமை, அவ்வளவுதான்.

ஆசிரியை அடுத்தடுத்துப் பலகையில் எழுத எழுத எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேண்டும்: 'மி செர்வே'. எனக்குத் தோன்றுகிறது: 'மி செம்ப்ரா'. எனக்குத் தலை வலிக்கிறது: 'மி ஃபா மாலே லா தெஸ்தா'. எனக்குப் போதும்: 'மி பாஸ்தா'. (இந்தக் கடைசியைத் தமிழில் எழுதினால் சாப்பிடும் பாஸ்தாவும் 'போதும்'-உம் ஒன்றாகிவிடும். ஒன்று ப, இன்னொன்று அதன் கனத்த ஒலி. நம் எழுத்தின் வம்பு.) பிரேசில் பெண்ணின் போர்த்துகீசியம் இத்தாலியத்துக்கு உடன்பிறந்த மொழி. மற்ற எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பிடிக்கும் என்று சொல்ல அவர்கள் மொழியில் நம்மைப் போல 'எனக்கு' வராது, 'நான்'தான் வரும். இந்த ஓர் இடத்தில் நாகர்கோவில்காரி முந்திவிட்டேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ஒன்று பிடித்தாலும் நூறு பிடித்தாலும் 'பிடிக்கும்'தான். இவர்களுக்குப் பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும். காபிக்கு 'பியாச்சே', தல்யாத்தெல்லேவுக்கு 'பியாச்சொனோ'. தல்யாத்தெல்லே இந்த ஊரின் நாடா வடிவ முட்டைப் பாஸ்தா. 1972இல் அதன் அகலத்தைப் பொலோஞா வர்த்தக சபையில் பதிவே செய்துவைத்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர், அதாவது ஊர் நடுவிலிருக்கும் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. கோபுரத்தை வைத்துப் பாஸ்தா அளக்கும் ஊரில், வினைக்கு ஒருமை பன்மை பார்க்காமல் விடுவார்களா?

பசி மட்டும் கணக்கில் வரவில்லை. எனக்குப் பசிக்கிறது என்பதற்கு 'ஓ ஃபாமே', பசியை வைத்திருக்கிறேன் என்கிறார்கள். தாகம், தூக்கம், பயம் எல்லாமே இவர்கள் 'வைத்திருப்பவை'. வயதுகூட அப்படித்தான், வருஷங்களை வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்

இன்று இலக்கணம் கடையில். வகுப்பு முடிந்து மெர்க்காத்தோ தெல்லே எர்பே சந்தைக்குப் போனேன். பெயருக்குக் கீரைச் சந்தை. காய்கறி, மீன், பாலாடைக்கட்டி எல்லாம் கூரைக்கு அடியில்.

பாலாடைக்கட்டிக் கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். எனக்கு வேறு ஜோலி இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புத்தகம் கடைக்காரரிடம் 'வொர்ரெய்' சொல்லச் சொல்லித் தருகிறது. 'வேண்டுமே' என்பதுபோலப் பணிவான ஒரு வடிவம். வரிசையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எல்லோரும் 'வொலேவோ' என்றார்கள். இறந்தகாலம்! 'இருநூறு கிராம் வேண்டியிருந்தது' என்கிற தோரணை. இப்போது நின்று கேட்பதை ஏன் நேற்றைக்குத் தள்ளுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போய், "ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன்" என்றுதானே ஆரம்பிக்கிறோம். வந்தாயிற்று, கேட்டாகவில்லை, ஆனாலும் 'வந்தேன்'. நேரே கேட்பதன் முனையை இறந்தகாலத்தால் மழுக்குவது இரண்டு ஊரிலும் நடக்கிறது.

இங்கே நிறுப்பது 'எத்தோ' கணக்கில். ஓர் எத்தோ நூறு கிராம். கால் கிலோ, அரைக் கிலோ என்று யோசித்தால் ஆகாது. கடைக்காரர் பார்மிஜானோ என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியைக் கத்தியால் வெட்டுவதில்லை. பாதாம்பருப்பு வடிவத்தில் குட்டையான ஓர் அலகைக் குத்தித் திருகுகிறார், கட்டி தானாகப் பிளக்கிறது. தராசில் வைத்தார். கேட்டதைவிட முள் தாண்டியது. தலையைத் தூக்கி ஒரே ஒரு சொல்: "லாஷோ?" விடட்டுமா? நாகர்கோவில் வடசேரிச் சந்தையில், "கூடக் கொஞ்சம் இருக்கு, இருக்கட்டுமா?" என்று முழு வாக்கியமாகக் கேட்பார்கள். இங்கே அது ஒற்றை வினை. 'நான்' இல்லை, 'அதை' இல்லை. வினையின் வாலிலேயே ஆள் இருப்பதால் பெயர் எதற்கு? பேசுகிறேன், பேசுகிறாய் என்றால் நமக்கு ஆள் தெரிவதுபோல 'பார்லோ', 'பார்லி' என்றால் இவர்களுக்குத் தெரியும். ஜெர்மன்காரர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'இயோ, இயோ' என்று 'நான்' போட்டுக்கொண்டே இருக்கிறார். ஆசிரியை அதைக் கேட்டு, நெஞ்சைத் தட்டிக்கொள்வதுபோல நடித்துக் காட்டினார்.

கடைசியில் "ஆல்த்ரோ?" வேறென்ன? "பாஸ்தா கொசி." இது போதும். அவ்வளவில் வியாபாரம் முடிந்தது.

புதன்

இன்று ஒலிப் பயிற்சி. இரட்டை மெய் என்றதும் மற்றவர்கள் முகம் வாடியது. 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பால்லா' என்றால் பந்து. பலிக்கும் பல்லிக்கும் வேறுபாடு தெரிந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்லை என்று நினைத்தேன். லகர, னகர, மகரம் வரைக்கும் அது சரி.

வல்லினத்தில்தான் சிக்கல். இத்தாலியத்தில் தாகத்துக்கு ஒரு சொல், ஏழுக்கு ஒரு சொல், இருக்கைக்கு ஒரு சொல். மூன்றும் 'சே'-யில் தொடங்கி 'தே'-யில் முடியும். ஏழில் தகரம் இரட்டை, அழுத்தம். இருக்கையில் தகரம் மெல்லியது, 'அதே' என்பதில் வருவதுபோல. தாகத்தில் இரண்டுக்கும் நடுவே: ஒற்றைத் தகரம், ஆனால் அழுத்தமானது. நமக்கு நடுவில் வரும் ஒற்றைத் தகரம் தானாகவே மெலிந்துவிடும், அழுத்தம் வேண்டுமென்றால் இரட்டித்தே ஆகவேண்டும். ஆக இவர்களுடைய மூன்றுக்கு நம்மிடம் இரண்டு அறைதான். தமிழ் நாக்கு தாகத்தைச் சொல்லப் போனால் ஒன்று ஏழாகும், இல்லை இருக்கையாகும். தமிழ் வழியாகப் போனால் இத்தாலியம் எளிது என்று திங்களன்று துள்ளினேனே, அந்தப் பாதையில் இது ஒரு பள்ளம். ஒற்றை அழுத்தத் தகரத்தைச் சொல்லின் முதலில் மட்டும்தான் நாம் பழகியிருக்கிறோம். 'தேர்' என்று சொல்லும்போது வரும் அந்தத் தகரத்தைச் சொல்லின் நடுவில் கொண்டுபோய் வைக்கவேண்டும். இந்த உத்தியை நானே கண்டுபிடித்தேன், யாருக்காவது பயன்பட்டால் சரி.

ரகரத்தில் நமக்குத்தான் வெற்றி. 'காரோ' அன்பானவர் (விலை அதிகம் என்றும் பொருள்), 'கார்ரோ' வண்டி. எங்கள் குமரி மாவட்டத்தில் ற-வை இன்னும் ற-வாகவே உருட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அம்மா 'கறி' சொல்வதுபோலச் சொன்னேன். ஜப்பான் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வியாழன்

கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா (நம் 'அம்மாள்' மாதிரி மரியாதைச் சொல்) படியில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். என்னை 'லெய்' போட்டுப் பேசினார்.

இந்த 'லெய்' ஒரு வேடிக்கை. அதற்கு நேரான பொருள் 'அவள்'. மரியாதைக்குரிய ஒருவர் எதிரே நின்றால், ஆணாயிருந்தாலும் 'அவள்' என்கிறார்கள், வினையையும் படர்க்கையில் முடிக்கிறார்கள். பழைய காலத்தில் பெரியவர்களைத் 'தங்கள் பிரபுத்துவம்' என்கிற மாதிரி ஒரு சொல்லால் விளித்தார்கள், இலக்கணப்படி அது பெண்பால், அதிலிருந்து வந்தது என்றார் ஆசிரியை. மற்றவர்கள் புருவத்தைச் சுருக்கினார்கள். எனக்கு என் பாட்டி நினைவுக்கு வந்தார். தாத்தா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவிய சாப்பிட வாராவளா?" என்று கேட்பார். எதிரே இருப்பவரை அந்தப் பக்கம் தள்ளிவைத்து மரியாதை செய்வது நமக்கும் தெரிந்ததுதான். "சார் எங்க கிளம்பிட்டாரு?" என்று நண்பனைக் கிண்டல் செய்வதும் அதே கட்டமைப்பு.

இதற்குள் அரசியலும் புகுந்திருக்கிறது. முசோலினி ஆட்சி 1938இல் 'லெய்' அந்நிய வழக்கு, ஆண்மையற்றது என்று சொல்லி அதை ஒதுக்கி, எல்லோரும் 'வொய்', அதாவது 'நீங்கள்', சொல்லவேண்டும் என்றது. அப்போது 'லெய்' என்ற பெயரில் பெண்கள் பத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. அங்கே அது வெறும் 'அவள்', மரியாதைச் சொல்லே இல்லை. ஆனாலும் பெயரை 'அன்னபெல்லா' என்று மாற்றிக்கொண்டார்கள். ஆட்சி போனது, 'லெய்' திரும்பிவந்தது. தெற்கே சில பக்கம் மட்டும் 'வொய்' இன்னும் கேட்கும்.

சிஞ்ஞோராவிடமிருந்து புத்தகத்தில் இல்லாத இரண்டு சொற்கள் கிடைத்தன. குப்பைக்கு இங்கே 'ரூஸ்கோ'. தெருக்கதவை மேலிருந்து பொத்தான் அழுத்தித் திறப்பதற்கு 'தீரோ கொடு' என்பார்கள், இழுப்புக் கொடு என்று பொருள். அந்தக் காலத்தில் மாடியிலிருந்தே கயிற்றை இழுத்துத் தாழ் நீக்கியிருக்கிறார்கள். கயிறு போய்விட்டது, இழுப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் ரோமில் சொன்னால் விழிப்பார்களாம்.

அவருடைய அம்மாவுக்கு வீட்டுமொழி பொலோஞா வட்டாரமொழிதானாம், இத்தாலியம் ரேடியோவிலும் பிறகு டிவியிலும் கேட்டுப் படிந்தது. 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை என்று ஒரு கணக்கு உண்டு. பத்துப் பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மிச்சப் பேர் இதைப் படித்துத்தான் கற்றிருக்கிறார்கள். 1960இலிருந்து எழுத்தறியாத பெரியவர்களுக்காக அல்பெர்த்தோ மான்சி என்ற ஆசிரியர் டிவியில் கரித்துண்டால் படம் வரைந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சிஞ்ஞோராவின் அம்மா அந்த வகுப்பைத் தவறவிட்டதே இல்லையாம்.

விடைபெறும்போது, "தியாமொச்சி தெல் து" என்றார். இனி நீ, நான் என்றே பேசிக்கொள்வோம் என்று முறைப்படி ஒப்பந்தம்! வயதில் மூத்தவர்தான் இதை முன்மொழிவது வழக்கம். என்னைவிடப் பெரியவரை 'நீ' என்பதற்கு வாய் வரவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை 'லெய்' வந்து விழுகிறது, அவரும் விரலை ஆட்டுகிறார்.

வெள்ளி

பெயர்ச்சொற்களின் பால். இதில் தமிழ் கைகொடுக்காது, நேரே சொல்லிவிடுகிறேன். அஃறிணை என்று ஒன்றை வைத்து மேசை நாற்காலிகளுக்கெல்லாம் விடுதலை கொடுத்த மொழி நம்முடையது. இங்கே மேசை ஆண், நாற்காலி பெண். மேசையிலேயே சாப்பாடு பரிமாறிவிட்டால் பெண்ணாகிவிடும். ஆப்பிள் 'மேலா' பெண், மரம் 'மேலோ' ஆண். பேரிக்காயும் அப்படியே. கை 'மானோ' என்று ஓகாரத்தில் முடிந்தும் பெண். முட்டை ஒன்றானால் ஆண், ஒரு டசன் வாங்கினால் பெண். விரலும் முழங்காலும் இதே ரகம். காரணம் பழைய லத்தீனில் இருந்த மூன்றாம் பால், அதன் மிச்சம் பன்மையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் தெரிந்து என்ன, மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

மகள் ராத்திரி தோசை சுட்டாள். நாளை ரயில் சீக்கிரம்.

சனி

மாந்தொவாவுக்கு ரயில், அங்கிருந்து பஸ் பிடித்துக் கஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. இந்தப் பெயரை ஊரில் தமிழாசிரியர்களைத் தவிர யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி 1680இல் பிறந்த ஊர். அதாவது வீரமாமுனிவர்.

மாந்தொவாவில் மூன்று பக்கம் ஏரி. பூசணிக்காய் வைத்த தொர்தெல்லி என்ற பாஸ்தா சாப்பிட்டோம். உள்ளே பூசணி, அமரெத்தி பிஸ்கட், கடுகுக் காரத்தில் ஊறிய பழம். இனிப்பா, சோறா என்று தீர்மானிக்க முடியாத பண்டம். மகளுக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது.

கஸ்தில்யோனே சின்ன ஊர். செஞ்சிலுவைச் சங்க அருங்காட்சியகம் இங்கேதான் இருக்கிறது. 1859 ஜூனில் பக்கத்துச் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்டவர்களை இந்த ஊர்க் கோயிலில் கொண்டுவந்து போட்டார்கள். ஆஸ்திரியன், பிரெஞ்சுக்காரன் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள், "தூத்தி ஃப்ராதெல்லி" என்று சொல்லிக் கட்டுப்போட்டார்கள். எல்லோரும் சகோதரர்கள். அதைப் பார்த்த ஹென்றி துனான் எழுதியதிலிருந்துதான் செஞ்சிலுவை பிறந்தது.

நான் வந்தது பெஸ்கிக்காக. மாந்தொவாவில் பள்ளிப்படிப்பு, ரவேன்னாவிலும் பொலோஞாவிலும் தத்துவமும் இறையியலும். அந்தத் தூண் நடைகளுக்கு அடியில் அவரும் மழைக்கு ஒதுங்கியிருப்பார். 1710இல் கோவாவில் வந்து இறங்கியபோது ஏறத்தாழ முப்பது வயது. அதற்குப் பிறகு தமிழ் படித்து, 1732இல் சதுரகராதி. பேச்சுத்தமிழுக்கென்று லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார், அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்கு வேறு இலக்கணம். சந்தையில் பேசுவதும் ஏட்டில் எழுதுவதும் வேறு, இரண்டையும் தனித்தனியாகத்தான் படிக்கவேண்டும் என்று அந்த மனிதர் கண்டுகொண்டது பெரிய காரியம். வட்டாரமொழிக்கு நடுவே பிறந்து, லத்தீனில் படித்து, இத்தாலியம் எழுதிய ஊர்க்காரர் அல்லவா, அவருக்கு இது புதிதாயிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டுக்கு இன்றைய எழுத்து வடிவத்தைக் கொடுத்தவர் அவர் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு அதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. இத்தாலியத்திலும் எகரம் இரண்டு, ஒகரம் இரண்டு. வாயை அகலத் திறந்து ஒன்று, குவித்து ஒன்று. திறந்து 'பெஸ்கா' என்றால் பீச் பழம், குவித்துச் சொன்னால் மீன்பிடிப்பு. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து. அகராதியில் மட்டும் மேலே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறார்கள். தன் மொழியில் வாசகன் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பதை நம் மொழியில் அவர் விடவில்லை. மகளிடம் இதைச் சொன்னேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ஞாயிறு

ஊர் எல்லையிலுள்ள குன்றில் சான் லூக்கா கோயில். அடிவாரத்துக்கு வெகுமுன்பிருந்தே தூண் நடை தொடங்கி 666 வளைவுகளோடு மலைமேல் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் அதில்தான்.

மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஏவல் வினைக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. வா, பார், பிடி என்பதற்கு 'வியேனி', 'குவார்தா', 'தியேனி'. செய்யாதே என்று வந்தால் வடிவமே மாறிவிடும். 'நோன் கொர்ரெரே', 'நோன் தொக்காரே'. ஓடாதே என்பதற்கு 'ஓட இல்லை', தொடாதே என்பதற்குத் 'தொட இல்லை' என்கிற மாதிரி எச்சத்தில் நிற்கும். நம் 'ஓடக் கூடாது' அதற்குக் கிட்டே வரும். குழந்தைகள் எப்படியும் ஓடினார்கள்.

ஆனால் இதெல்லாம் 'நீ'க்கு மட்டும். 'லெய்' போட்டால் உயிரெழுத்துகள் இடம் மாறிக்கொள்ளும். நீ பார் 'குவார்தா', தாங்கள் பாருங்கள் 'குவார்தி'. இது சாதாரண வாக்கியத்தில் வருவதற்கு நேர் எதிர். அங்கே 'குவார்தி'தான் நீ பார்க்கிறாய். ஆசிரியை இதற்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறாராம். அந்த நாளில் ஜெர்மன்காரர் முகத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா வாசலில் நின்றார். புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் தொர்தெல்லீனி (பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தா) மடிக்கப் போகிறாராம், என்னையும் வரச் சொன்னார். 'வெங்கா' என்று மரியாதையாக ஆரம்பித்தவர், ஒப்பந்தம் நினைவுக்கு வந்து, "வியேனி, வியேனி" என்று திருத்திக்கொண்டார். மாவு, முட்டை எல்லாம் அவர் வீட்டில். நான் கொண்டுபோகவேண்டியது ஏப்ரன் ஒன்றுதான். அதை வாங்கத்தான் நாளை வகுப்பு முடிந்ததும் கடைக்குப் போகவேண்டும்.